ஃபோனுக்குள் இருந்த அவர் குரல்

பக்கவாதம் வந்து ஒரு வாரம் கழித்து என் கணவர் முதன்முதலாக வாய் திறந்து சொன்ன சொல், "நாளைக்கு." எனக்கும் பக்கத்தில் நின்ற நர்சுக்கும் ஒரே சந்தோஷம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டோம். அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது, அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல் மட்டும்தான் என்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு. ஃபேனைக் குறைக்கச் சொல்வதென்றாலும் நாளைக்கு. கோபம் வந்தாலும் அதே சொல்தான், கொஞ்சம் சத்தமாக.

அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். விழுப்புரத்தில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சின்னதாகக் கடை வைத்திருந்தார். அனந்தபுரத்திலிருந்து ஒலக்கூர் வரை எந்த நிலத்தில் மோட்டார் நின்றுபோனாலும் இருபது வருடமாக அவருக்குத்தான் ஃபோன் வரும். எடுத்ததும் எல்லோரிடமும், "நாளைக்கு வர்றேன், வையி" என்பார். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ. அதனால்தான் அது மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதோ என்னவோ.

நான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் லேப் அசிஸ்டென்ட். பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஏழே காலுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறாகிவிடும். பகலெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டது ஃபோனில்தான். டைப் அடிக்க அவருக்கு அலுப்பு. பட்டனை அழுத்திப் பிடித்துக் குரலாகவே அனுப்பிவிடுவார். "பஸ்சு ஏறிட்டியா." "சாப்டியா." "நான் வயல்ல கீறேன், அப்புறம் பேசு." நானும் பஸ் சத்தத்துக்கு நடுவே அப்படியே பதில் அனுப்புவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பி முகச்சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் என் கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு மேடம் வந்து அவரைச் சோதித்துவிட்டு என்னை வெளியே அழைத்துப்போனார்.

"அம்மா, அவருக்குப் புத்தியில ஒண்ணும் கொறை இல்ல. நீங்க பேசுறது முக்காவாசி புரியுது. என்ன சொல்லணும்னும் அவருக்குத் தெரியுது. சொல்லு வர்ற வழிதான் அடைச்சிக்கினு கெடக்குது. தொறக்கும். ஆனா மெதுவாத்தான் தொறக்கும். அது வரைக்கும் அவரு பேசுறதுக்கு நீங்க வேற வழி எதுனா பண்ணிக் குடுக்கணும்."

"எழுதிக் காட்டச் சொல்லலாமா மேடம்?"

"எழுத்தும் அதே வழிதாம்மா வரணும். படம் காட்டிப் பாருங்க."

ஒரு படத்தாளும் கொடுத்தார். டம்ளர், தட்டு, கட்டில், கழிப்பறை, அழுகிற முகம் என்று வரிசையாகப் படங்கள். எது வேண்டுமோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். என் கணவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தள்ளி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. மூன்றாவது தடவை நீட்டியபோது வாங்கி, பல்லால் கடித்து இடது கையால் இரண்டாகக் கிழித்துப் போட்டார். எனக்கு அழுகை வந்தது. பிறகு கிழிந்த தாளை எடுத்து நானே பார்த்தேன். அதில் இருந்தது கண்ணாடி டம்ளர். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. தலைவலி என்று காட்ட வரைந்திருந்த ஆள் கோட்டு போட்டிருந்தான்.

இரண்டு மாதம் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். நாள் முழுக்க ஊகிப்பதுதான் வேலை. காப்பியா என்பேன், இல்லை என்று தலையாட்டுவார். டிவியா என்பேன், இல்லை. ஒரு மத்தியானம் சுவரைக் காட்டிக் காட்டி, "நாளைக்கு, நாளைக்கு" என்று கத்தினார். ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன், காலண்டரை எடுத்துக் கொடுத்தேன், சுவரில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். கடைசியில் கோலை ஊன்றி அவரே எழுந்து போய் ஃபிரிட்ஜ் செருகியிருந்த ப்ளக்கைத் தொட்டுக் காட்டினார். கை வைத்தேன், சுட்டது. உள்ளே உருகத் தொடங்கியிருந்தது. கட்டிலில் படுத்தபடியே அவருக்கு அந்த வாடை தெரிந்திருக்கிறது. அத்தனை தெளிவாக இருக்கும் மனிதர், அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் என்னோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

லீவு முடிந்தது. அதற்குள் அவர் கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து சாப்பாடு எடுத்து வைப்பதாகச் சொன்னார். நான் வேலைக்குத் திரும்பினேன். லேபில் வேலை ஓடும், மனசு வீட்டில் இருக்கும். இடைவேளையில் ஃபோன் செய்தால் மறுமுனையில், "நாளைக்கு" என்பார். அந்தக் குரலில் இருந்து நான்தான் கண்டுபிடிக்க வேண்டும், நன்றாக இருக்கிறாரா இல்லையா என்று.

ஒருநாள் அப்படிப் பேசிவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் டீச்சர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணவர் பதினோரு வருடமாகக் குவைத்தில் வேலை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர் தன் ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதப் பாருங்கக்கா."

முதல் பக்கத்தில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் ஊர் மணி, ஒன்று குவைத் மணி. கீழே வீட்டில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல். வாங்கிவிட்டு இவர் இங்கே ஒன்றைக் கோடிட்டு அடித்தால் அவர் ஃபோனிலும் அடிபடுமாம். இரண்டு ஃபோனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன.

"நாங்க ரெண்டு நாட்டுல இருந்துக்கினு ஒரு குடும்பம் நடத்துறோம்க்கா. ஃபோனு நம்ம இஷ்டத்துக்கு இருக்கணும். கடையில குடுத்த மாதிரியே வச்சிக்கினா ஒண்ணும் நடக்காது. அண்ணன் ஃபோன அவருக்குத் தகுந்த மாதிரி மாத்திடலாம். சனிக்கிழம நான் வர்றேன்."

சனிக்கிழமை சொன்னபடி விழுப்புரம் வந்தார். என் கணவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஃபோனை அவர் பார்க்கும்படிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். "இது வேணுமாண்ணே? இது?" அவர் வேண்டாம் என்று தலையசைக்க அசைக்க, முதல் பக்கத்தில் இருந்த அத்தனையும் காலியாயிற்று. விரலால் கோடு போட்டுத் திறக்கும் பூட்டை எடுத்தார். இடது கை கட்டைவிரலுக்கு எட்டும்படி எல்லாவற்றையும் இடப்பக்கம் நகர்த்தினார். எழுத்துக்குப் பதிலாகப் பெரிய பெரிய படம். அவருடைய எவர்சில்வர் டம்ளர், அவர் தட்டு, அவர் கோல், எங்கள் ஃபேன், நான். எல்லாம் அப்போதே வீட்டில் எடுத்த ஃபோட்டோக்கள். படத்தைத் தொட்டால் ஃபோன் பேச வேண்டும். அதற்கு நான்தான் குரல் கொடுத்தேன்.

அவர் டம்ளரைத் தொட்டார். "எனக்குத் தண்ணி வேணும்" என்று என் குரல் ஒலித்தது.

இன்னொரு தடவை தொட்டார். பிறகு ஃபோனைப் படுக்கையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்கு" என்றார் மெல்ல. அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டீச்சரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் சொன்னார், "நானா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன்க்கா. எனக்குத் தண்ணி வேணும்னு என் வீட்டுக்காரர் குரல்ல நான் எப்டி கேக்குறது? அண்ணன் பேசினது எதுனா உங்ககிட்ட இருக்கா? கல்யாண வீடியோ மாதிரி எதுனா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையில் இருந்த என் ஃபோனில் ஆறு வருடக் குரல் இருந்தது. நான் ஒன்றையும் அழித்ததில்லை. அக்கறையால் இல்லை, சோம்பலால்.

அடுத்த மூன்று வாரம், மத்தியான இடைவேளையில் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்து அந்தக் குரல்களைக் கேட்டோம். ஃபோனைக் கம்ப்யூட்டரில் இணைத்து எல்லாவற்றையும் இறக்கினார் டீச்சர். சாப்பாட்டு டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டுவோம். வேண்டிய சொல் வந்ததும் நிறுத்தி அதை மட்டும் வெட்டி எடுப்பார். "வேணாம்" சுலபமாகக் கிடைத்தது, நாற்பது தடவைக்கு மேல் இருந்தது. "சரி"யும் கிடைத்தது. "சாப்பாடு" வேண்டுமென்று தேடினோம். "இன்னா சாப்பாடு இன்னைக்கி, மறுபடியும் புளிக்கொழம்பா" என்றதில் இருந்து எடுத்தோம். ஒரு பதிவைப் போட்டதும், "உங்க அம்மா வீட்டுக்குப் போறதுன்னா போ, எனக்கு இன்னா வந்துது" என்று அவர் கத்தினார். டீச்சர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்தது போடுங்க டீச்சர்" என்றேன்.

"இருங்கக்கா. இதுல ‘போ’ நல்லா தெளிவா இருக்குது."

இருவரும் சிரித்துவிட்டோம். அந்தப் "போ"வையும் எடுத்துக்கொண்டோம்.

"தண்ணி" மட்டும் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அது திருவக்கரைப் பக்கம் ஏதோ ஒரு நிலத்தில் இருந்து அனுப்பியது. புதிதாகப் போட்ட போரில் முதன்முதலாக நீர் வந்த நேரம். "தண்ணி கொட்டுது, சத்தம் கேக்குதா" என்கிறார். பின்னால் ஓவென்று நீர் பாயும் இரைச்சல். சொல்லைத் தனியாக வெட்டினாலும் இரைச்சல் கூடவே வந்தது. டீச்சர் அதைக் குறைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். நான்தான், இருக்கட்டும் விடுங்கள் என்றேன்.

"வலிக்குது" கிடைக்கவே இல்லை. ஆறு வருடத்தில் ஒரு பதிவில்கூட இல்லை.

"ஒரு தடவ கூடவாக்கா சொன்னதில்ல?" என்று கேட்டார் டீச்சர். நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை அவர் காலில் இரும்புக் குழாய் விழுந்து நகமே பிய்ந்துபோனது. அன்றுகூட, "அடி பட்டுக்கிச்சி" என்றுதான் சொன்னார். வலியைக் காட்டும் படத்துக்கு மட்டும் குரல் வைக்காமல், மணி அடிக்கிற மாதிரி வைத்தோம்.

மொத்தம் இருபத்தேழு சொற்கள். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து மூன்று கருவிகளில் இணைத்தார் டீச்சர். என் கணவர் ஃபோன், என் ஃபோன், கொரோனா சமயத்தில் வாங்கித் தூசி படிந்து கிடந்த டேப்லெட். டேப்பை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு நிறுத்தினோம். ஃபோன் கைக்கெட்டாத நேரத்துக்கு அது. "ஒண்ணுல எதப் போட்டாலும் மூணுலயும் வந்துடும்க்கா. அண்ணன் அங்க ஒரு ஃபோட்டோ எடுத்தா நீங்க இங்க பாக்கலாம்."

அன்று சாயங்காலம் ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். டம்ளரைத் தொட்டார். தண்ணி என்று அவர் குரலே சொன்னது, பின்னால் இரைச்சலோடு. தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தொட்டார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன், அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழெட்டுத் தடவை தொட்டிருப்பார். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்றில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்து அதைத் தொட்டார்.

"சாப்டியா."

நான்கு மாதத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. நான் இல்லை என்றேன். உண்மையிலேயே சாப்பிட்டிருக்கவில்லை.

அதன் பிறகு வேலைக்குப் போவது லேசாயிற்று. பஸ்ஸில் இருக்கும்போதே என் ஃபோனில் ஒவ்வொரு படமாக வந்து விழும். முதலில் எல்லாம் கூரையும் கட்டைவிரலும்தான். பிறகு காலித் தட்டு, அதாவது சாப்பிட்டாயிற்று. மதிலில் உட்கார்ந்திருக்கும் பூனை. மழை பெய்யும் ஜன்னல். நானும் இங்கிருந்து அனுப்புவேன். இணைப்பு இருபக்கமும் வேலை செய்கிறது என்பதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கணக்கெடுப்புக்காக லேபில் இருக்கும் பாட்டில்களை ஃபோட்டோ எடுத்தேன். எல்லாம் வீட்டு டேப்பில் போய்ச் சேர்ந்தன. சாப்பாடு வைக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, பாட்டிலுக்குள் மிதக்கும் தவளையையும் பாம்பையும் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். "இன்னாம்மா, அவருக்குப் போயி இதெல்லாம் காட்டிக்கினு கீற?"

கேட்டுச் சிரித்தேன். அப்போதே எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றிருந்தபோது, ஃபோனில் இடமில்லை என்று காட்டியது. வேண்டாததை எல்லாம் அழிக்கத் தொடங்கினேன். மங்கலான படங்கள், கூரை, கட்டைவிரல். அந்த இருபத்தேழு படமும் குரலும் இருந்த இடமும் கண்ணில் பட்டது. அவர் ஃபோனில்தான் இருக்கிறதே, நமக்கு எதற்கு என்று அதையும் அழித்தேன்.

பதினொரு மணி வரை ஒரு படமும் வரவில்லை. பன்னிரண்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஃபோன் செய்தார். "அவரு ஃபோன தட்டித் தட்டிப் பாக்குறாரு, ஒண்ணும் வரல. அந்தப் பெரிய ஃபோனுலயும் ஒண்ணுமில்ல. நீ இன்னான்னு பாரு."

கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினேன். டீச்சர் வகுப்பில் இருந்தார். வெளியே வந்தவரிடம் காலையில் அழித்ததைச் சொன்னேன். "எதுலக்கா அழிச்சீங்க?"

"என் ஃபோன்லதான் டீச்சர். அவரோடதத் தொடவே இல்ல."

"மூணும் ஒண்ணுதான்க்கா" என்றார் பாவமாக. என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தொடர்ந்தார். "எங்கயும் போவாது. அழிச்சது ஒரு மாசம் வரைக்கும் குப்பைத்தொட்டியில கெடக்கும். இன்னைக்கின்னு பாத்து இங்க நெட்டு இல்ல, அதான் பேஜாரு. நான் வீட்டுக்குப் போயி எடுத்துடறேன். நீங்க ஜல்தி கெளம்புங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த ஒன்றரை மணி நேரம் என்னென்னவோ நினைத்தேன். கஷ்டப்பட்டுத் திரும்பக் கிடைத்த பேச்சை நானே பிடுங்கிக்கொண்டேன். ஃபோனைச் சுவரில் அடித்திருப்பார், அல்லது படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இரண்டில் எதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கிறது என்று யோசித்தபடியே வீட்டுப் படியேறினேன்.

அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த டூல்ஸ் பெட்டியை எப்படியோ இழுத்துத் திறந்திருந்தார். ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். ஃபியூஸ், ஸ்டார்ட்டரின் உள்பாகங்கள், பேரிங், ஒரு முழம் கேபிள், வால்வு. கால் முட்டியில் ஃபோனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் டேப்பைக் காட்டினார். காலியாகக் கிடந்த இடத்தில் பதினான்கு புதுப் படங்கள் இருந்தன. பாதி சாய்ந்தும் பாதி மங்கலாகவும் இருந்தன. பதின்மூன்று மோட்டார் சாமான்கள். ஒன்று மட்டும் வாசலில் நான் செருப்பு விடும் இடம், காலியாக.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தண்ணி, சாப்பாடு, ஃபேன், கட்டில் என்று நானும் டீச்சரும் தேர்ந்தெடுத்த சொற்களை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு என்ன தேவைப்படும் என்று நாங்கள் யோசித்திருந்தோம். என்ன பேசுவார் என்று யோசிக்கவே இல்லை. அவர் ஒரு நாளில் பேசியதில் பத்தில் ஒன்பது மோட்டாரைப் பற்றித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலமே டீச்சர் பழைய இருபத்தேழையும் மீட்டுக் கொடுத்துவிட்டார். "இனிமே தனியா ஒரு காப்பி என் கம்ப்யூட்டர்லயும் இருக்கும்க்கா, நீங்க எதையும் தொடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பதின்மூன்று புதுப் படங்களுக்குக் குரல் வேண்டும். என் ஃபோனில் அந்தச் சொற்கள் இல்லை, என்னிடம் அவர் ஃபியூஸைப் பற்றி எதற்குப் பேசப்போகிறார். கடைக் கூட்டாளிக்கு ஃபோன் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தவர், பிறகு வரவே இல்லை. வந்து எதிரில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று பின்னால் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னா அண்ணி இத முன்னாலயே கேக்கக் கூடாதா. எங்கிட்ட அண்ணன் பேசினது மூட்டையாக் கெடக்குது. பாதி என்னத் திட்டினதுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். இந்தத் தடவை தேடும் வேலையை என் கணவரே செய்தார். கூட்டாளி ஒவ்வொன்றாகப் போட, வேண்டிய இடத்தில் கையை உயர்த்தி நிறுத்துவார். தன் குரல் கூட்டாளியைத் திட்டுவதைக் கேட்டுச் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வாய் கோணியபடி அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. "மோட்டார மேல எடு", "ஃபேஸ் பாரு", "கேபிள் மாத்து", "அவசரப்படாத", "நான் சொல்றத கேளு". கடைசி இரண்டுக்கும் படம் எதுவும் இல்லை. கூட்டாளியின் முகத்தையே ஃபோட்டோ எடுத்து இரண்டுக்கும் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கூட்டாளி, ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்த ஒரு கொல்லையில் இருந்து வீடியோ கால் செய்தார். அன்று பள்ளி விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன்.

"அண்ணே, மோட்டார் எரிஞ்சி போயிருக்கும்னு நெனைக்கிறேன். மேல எடுக்கச் சொல்லி ஆளுங்கள வரச் சொல்லிட்டேன். ஒரு தபா நீங்க கேளுங்க."

சுவிட்சைப் போட்டார். உம்மென்று ஒரு உறுமல், பிறகு டக்கென்று நின்றது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். மறுபடி உறுமல். கண்ணைத் திறந்து டேப்பை இழுத்தார். "வேணாம்" என்றது அவர் குரல். பிறகு, "ஃபேஸ் பாரு." மூன்று லைனிலும் கரண்ட் வருகிறதா பார் என்று அர்த்தம்.

"பாத்துட்டேண்ணே, மூணு ஃபேஸும் ஸ்டார்ட்டர் வரைக்கும் வருது."

"நான் சொல்றத கேளு" என்றது டேப். அடுத்து, ஸ்டார்ட்டருக்குள் இருந்து கரண்டை மோட்டாருக்கு அனுப்பும் காண்டாக்ட் துண்டின் படத்தைத் தொட்டார். தொட்டுவிட்டு விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

கூட்டாளி ஸ்டார்ட்டரைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு கருகிப்போன ஒரு சின்னத் துண்டைக் கேமராவுக்கு நேராக நீட்டினார். ஸ்டார்ட்டர் வரை நல்லபடியாக வந்த மூன்றில் ஒன்று, அதைத் தாண்டி மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. முந்நூறு அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரை வெளியே இழுத்திருந்தால் நான்கு ஆளுக்கு ஒரு நாள் வேலை, அதுவும் வீணாக. துண்டை மாற்றிச் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சீராக ஓடியது. என் கணவர் டேப்பைத் தொடவில்லை. வாயைத் திறந்து, நாக்கைத் தேடித் தேடி, "ச...ரி" என்றார். அது அவர் வாயிலிருந்தே வந்தது.

அதற்கடுத்த பயிற்சிக்குப் போனபோது மேடத்திடம் சொன்னேன். அவர் டேப்பை வாங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "தினம் இதத் தொட்டுக் கேட்டுட்டு, கூடவே சொல்லிப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அப்படித்தான் காலையில் நான் சமைக்கும்போது கூடத்தில் இரண்டு குரல் கேட்கும். ஒன்று தெளிவான பழைய குரல், இன்னொன்று அதன் பின்னாலேயே தடுக்கித் தடுக்கி வரும் குரல். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது வாயால் முப்பது சொல் போலச் சொல்கிறார். சில நாள் பத்துதான் வரும். வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. டேப்பில் இருநூற்றுக்கு மேல் படம் சேர்ந்துவிட்டது. எதை எங்கே வைப்பது என்று அவரே முடிவு செய்துகொள்கிறார். என் படத்துக்குப் பக்கத்தில் டீச்சர் படமும் இருக்கிறது.

போன மாதம் கூட்டாளி அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலைக்கு அவரையும் காரில் அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். நிலத்துக்காரம்மா வரப்பிலேயே எங்களுக்காகக் காத்திருந்தார். நாங்கள் போனதும் என்னிடம், "இன்னாம்மா, உங்க வீட்டுக்காரரு இன்னா சொல்றாரு, இந்த மோட்டார் தேறுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கோலைத் தட்டி அந்த அம்மாவைத் தன் பக்கம் திரும்ப வைத்தார். கழுத்தில் தொங்கிய ஃபோனை எடுத்து இரண்டு படத்தைத் தொட்டார், ஒரு சொல்லை வாயால் சொன்னார். அந்த அம்மா குனிந்து ஃபோனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "அப்போ கேபிள மட்டும் மாத்தினா போதுங்களா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார்.

எனக்கு அங்கே வேலை இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. போய் அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.